மாதாவுக்கு முதல் மருந்து

எங்கள் அறையில் மின்விசிறி உண்டு, போடக்கூடாது. ஜன்னல் உண்டு, திறக்கக்கூடாது. பாலக்காட்டுப் பங்குனி வெயிலில் இப்படி ஓர் அறைக்குள் உட்கார்ந்திருப்பதற்கு ஆராய்ச்சி என்று பெயர். வேலையைப் பற்றி வெளியே சொன்னால், பழைய ஓவியமா, வண்ணமா, கொடுத்து வைத்தவள் என்கிறார்கள். ஒரு மத்தியானம் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

காரணம் பொடிதான். கோயில் சுவர், தேர்ப் பலகை, பழைய தேவாலயப் பீடம் என்று எங்கெங்கோ இருந்து நகத்துணுக்கு அளவுக்கு வண்ணச் சில்லுகள் வரும். அது என்ன வண்ணம், எதை அரைத்து எதில் குழைத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதே வண்ணத்தை நாங்களே பழைய முறைப்படி அரைத்து, சுண்ணாம்பு பூசிய ஓட்டுத் துண்டில் தடவிக் காயவைத்து, எண் போட்டு அட்டவணையில் ஏற்ற வேண்டும். காவிக்கல், அவுரி நீலம், ஜாதிலிங்கச் சிவப்பு, அரிதார மஞ்சள். படிக்க என்னவோ அழகாகத்தான் இருக்கிறது. ஜாதிலிங்கத்தில் இருப்பது பாதரசம், அரிதாரத்தில் இருப்பது பாஷாணம். கொஞ்சம் காற்று அடித்தால் போதும், ஒரு வாரத்து அரைப்பு பறந்து நம் மூக்குக்குள் போய்விடும். அதனால் மூக்கில் துணி, கையில் உறை, தலைக்கு மேலே சும்மா தொங்கும் விசிறி. நான் குமுளிப் பக்கம் ஆனைக்கரைக்குக் கீழே ஏலத்தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள். சித்திரையிலும் கம்பளி போர்த்தித் தூங்கிய உடம்பு. இந்த அறை அதற்குத் தண்டனை.

திட்டத் தலைவர் இங்கே பாலக்காட்டுக்குப் பக்கத்துச் சித்தூர்க்காரர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூப்பு இருக்கும், ஆனால் கூப்பிடுவதெல்லாம் "அம்மிணி". வந்த புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறகு அவர் டீக்கடைக்காரரின் மாமியாரையும் அம்மிணி என்பதைக் கேட்டுவிட்டு, போய்த் தொலைகிறது என்று விட்டேன். நல்ல மனிதர்தான். ஒரு விஷயத்தில் மட்டும் இரும்பு. அட்டவணையில் எந்தப் பதிவானாலும் கடைசி வரி ஒரே மாதிரி இருக்க வேண்டும்: இதன் மேல் புதிய பூச்சு எதுவும் கூடாது.

அந்த வரியை நானும் ஆசையாகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன், பொய் சொல்லவில்லை. ஒரு கோயிலில் சுவரோவியத்தைப் பார்த்து வைத்துவிட்டு, துணுக்கு எடுக்க அடுத்த மாதம் போனோம். அதற்குள் திருவிழாக் கமிட்டி பளபளவென்று ஆயில் பெயிண்ட் அடித்து வைத்திருந்தது. பூதகணங்களுக்கெல்லாம் லிப்ஸ்டிக் போட்டதுபோல வாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். அழுகை என்றா சொன்னேன், கோபம். எனக்குக் கோபம் வந்தாலும் கண்ணீர்தான் முதலில் வரும். அன்றிலிருந்து அந்தக் கடைசி வரியை எழுதும்போது பேனாவை அழுத்தித்தான் எழுதுவேன்.

அம்மா பகலில் போன் செய்ய மாட்டாள். கையில் உறை இருக்கும், எடுக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு விடாமல் அடித்துக்கொண்டே இருந்தாள். வெளியே வந்து எடுத்தேன்.

"அளக்குறதுக்கு ஆள் வந்துருக்கு தாயி. லயத்தையும் கோயிலையும் சேத்துத்தான் அளக்குறாக."

தோட்டம் கைமாறப் போகிறது என்று ரொம்ப நாளாகப் பேச்சு. இப்போது கைமாறியே விட்டது. வாங்கியவர்கள் ரிசார்ட் கட்டுகிறார்களாம். எங்கள் லயம் இருப்பது பள்ளத்தாக்கைப் பார்த்த மேடு. நாங்கள் தலைமுறையாகத் துணி காயப்போட்ட அந்த இடத்துக்கு இப்போது 'வியூ' என்று பெயர். லயத்தையும், லயத்தை ஒட்டியிருக்கும் சின்ன மாதா கோயிலையும் இடித்துவிட்டு அங்கே காட்டேஜ் வரும். மழை முடிவதற்குள் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

லயத்து வீடு என்றைக்கும் எங்களுடையது இல்லை. தோட்டத்தில் வேலை இருக்கும்வரை வீடு இருக்கும், அவ்வளவுதான். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்கு வேலை முடிந்து சில வருடம் ஆகிறது. பழைய முதலாளி கண்டுகொள்ளாமல் விட்டதால் அவளும் இன்னும் சில குடும்பங்களும் அங்கேயே இருந்தார்கள். பக்கத்துச் சின்னத் தோட்டங்களுக்கு ஏலக்காய் எடுக்கப் போவாள், அவள் சம்பளத்தில் அவள் சாப்பிடுவாள். என்னிடம் ஒரு பைசா வாங்கியதில்லை.

என்னிடம் வந்துவிடு என்று சொல்லாமல் இல்லை. ஒரு கோடையில் வந்தாள். நான் இருப்பது மொட்டை மாடியில் ஒற்றை அறை. வெயில் நேரம் முழுக்கக் குளியலறைத் தரையில் ஈரத்துணி விரித்துப் படுத்துக் கிடந்தாள். இதற்கு நரகத்திலேயே இடம் கேட்டிருக்கலாம், அங்கே கூட்டமாவது இருக்கும் என்றாள். காலையில் எழுந்ததும் முதல் கேள்வி, குமுளிக்கு எத்தனை மணிக்கு பஸ். இப்போது போனிலும் வர மாட்டேன் என்றுதான் சொன்னாள்.

"அங்க வந்து நான் என்ன செய்ய? நீ உன் ரூமுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு உக்காந்துருப்ப. நான் என் ரூமுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு உக்காந்துருக்கவா?"

லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொள்ளாச்சி, பழனி, தேனி என்று மாறி மாறி, கடைசியில் கிடைத்த பஸ் போடிமெட்டு வழி ஏறியது. வளைவுக்கு வளைவு யாரோ வாந்தி எடுத்தார்கள். நான் ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிர்ந்த காற்றை வாங்கிக்கொண்டு, அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யோசித்தபடி வந்தேன். ஒரு வழியும் தெரியவில்லை.

லயம் அப்படியேதான் இருந்தது. பாதிக் கதவுகளில் பூட்டு. அம்மா என்னைக் கண்டதும் பாலில்லாத கட்டன்காப்பி போட உள்ளே போனாள். நான் கோயிலுக்குள் போய் உட்கார்ந்தேன். கோயில் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். லயத்துக் கடைசி வீட்டை ஒட்டி ஒரு நீள அறை, தகரக் கூரை, மாதத்தில் ஒரு நாள் சாமியார் வந்து பூசை வைப்பார். பீடத்துக்குப் பின்சுவரில் மாதா. யார் வரைந்தது என்று யாருக்கும் தெரியாது. தோட்டத்து ஆள் எவனோ காவியிலும் கரியிலும் வரைந்தது. மாதாவுக்கு எங்கள் ஆட்களின் முகவெட்டு, மூக்கு கொஞ்சம் சப்பை. தலையில் இருந்து கால்வரை நீல மேலங்கி.

அந்த நீலத்துக்குத்தான் கதை. மழைக்கு முன்னால் ஏலத்துக்கு அழுகல் நோய் வராமலிருக்க மருந்தடிப்பார்கள். துருசையும் சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கரைத்து ஒன்றாகக் கலந்தால் வானம்போல நீலமாக மருந்து திரளும். துருசு என்றால் மயில்துத்தம், தாமிர உப்பு. கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அப்பா கத்தியை உள்ளே முக்கி எடுப்பார். கத்தியில் தாமிரம் சிவப்பாகப் படிந்தால் சுண்ணாம்பு போதாது. கத்தி வெள்ளையாகவே வெளியே வந்தால் மருந்து தயார். அப்படித் தயாரான முதல் பீப்பாயில் முதல் செம்பு மருந்து ஏலக்காட்டுக்குப் போகாது, மாதாவுக்குப் போகும். தேங்காய் நார் கட்டிய தும்புக் கட்டையால் மேலங்கி மேல் ஒரு பூச்சு. அவளுக்குப் பூசிவிட்டுத்தான் செடிக்கு அடிப்பார்கள். அவளுக்கு அழுகல் வராவிட்டால் காட்டுக்கும் வராது என்று ஒரு நம்பிக்கை. முகத்தை யாரும் தொட மாட்டார்கள். அப்பாவுக்குப் பிறகு அந்தச் செம்பு அம்மா கைக்கு வந்தது. இப்போது ஊரே வேறு மருந்துக்கு மாறிவிட்டது, ஆனாலும் மாதாவுக்கென்று கொஞ்சம் துருசு வாங்கி அவளே கலப்பாள்.

சின்ன வயதிலிருந்து பார்த்த சுவர். ஊரான் வீட்டுச் சுவரையெல்லாம் சுரண்டத் தெரிந்த எனக்கு அன்றைக்குத்தான் இது கண்ணில் பட்டது. முகம் சுவரோடு சுவராகக் கிடக்க, மேலங்கி மட்டும் விரல் தடிமனுக்கு முன்னே வந்திருந்தது. தோசைமேல் தோசை அடுக்கியதுபோல. பையில் இருந்த பிளேடை எடுத்து, கீழ்விளிம்பில் ஏற்கெனவே விண்டிருந்த இடத்தில் ஒரு சில்லு எடுத்தேன். காப்பியோடு வந்த அம்மா பார்த்துவிட்டு, எதுக்குடி மாதாவச் சொரண்டுற என்று அதட்டினாள். சும்மாதான் என்றேன். அப்போது எனக்கே தெரியாது.

பாலக்காட்டுக்கு வந்து அந்தச் சில்லைப் பிசினில் பதித்து, குறுக்காகத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். நீலம், கறுப்புக் கோடு, நீலம், கறுப்புக் கோடு. போய்க்கொண்டே இருந்தது. நீலம் ஒரு வருடத்து மருந்து. கறுப்பு அந்த வருடம் முழுக்க எரிந்த மெழுகுவர்த்திப் புகை. நடுவில் ஓர் இடத்தில் நீலமே இல்லாமல் கறுப்பு தடித்துக் கிடந்தது. தோட்டம் பூட்டிக் கிடந்த காலம் அது. எனக்கு நினைவிருக்கிறது. மருந்தும் இல்லை, வேலையும் இல்லை, எங்கள் ஆட்கள் மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றிக்கொண்டு கோயிலிலேயே கிடந்தார்கள். மூக்குத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இது ஒன்றும் அபூர்வக் கல் இல்லை, ஏலக்காட்டு மருந்து, வருடா வருடம் பூசுகிறோம், என் அப்பாவும் பூசியிருக்கிறார் என்று உடைத்தே சொன்னேன். லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் எத்தனை வருசமாக என்று கேட்டார். தெரியாது, எனக்கு முன்னால் இருந்தே என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்பிடியொண்ணு எந்தச் செவுத்துலயும் நாம் பாத்ததில்லீங்க அம்மிணி. ஒரு தோட்டத்தோட வரலாறே இதுக்குள்ள இருக்குதுங்க."

அவர் மேலே சொன்னதுதான் முக்கியம். இதை முறையாகப் பதிவு செய்து தொல்லியல் துறைக்கு அனுப்பினால் கோயிலைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்க வாய்ப்பு உண்டு. அறிவித்தால் சுற்றிலும் ஓர் எல்லை போடுவார்கள். அந்த எல்லைக்குள் யாரும் எதையும் இடிக்க முடியாது. அவர் முடிப்பதற்குள் நான் மனதுக்குள் அளந்துவிட்டேன். கோயிலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் மொத்தமே ஒரு சுவர்தான்.

அடுத்த சில நாட்கள் வெயிலும் தெரியவில்லை, புழுக்கமும் தெரியவில்லை. துருசும் சுண்ணாம்பும் வாங்கிவந்து அந்த மூடிய அறையிலேயே கலந்தேன். கத்தியை முக்கி எடுத்தேன். வெள்ளையாக வந்தது. ஓட்டுத் துண்டில் பூசிக் காயவைத்து எண் போட்டேன். பதிவு எழுதினேன். யார் பூசினார்கள், எப்போது, எதற்காக, எல்லாம் உண்மையை உள்ளபடி எழுதினேன். கடைசி வரியை மட்டும் எழுதவில்லை.

அவர் கண்ணுக்கு அது தப்புமா? அந்த வரி எங்கே என்று கேட்டார். இதற்கு அது பொருந்தாது, பூசுவதால்தானே இதற்கு மதிப்பே என்று சொன்னேன். நானும் நியாயமாகத்தான் பேசினேன். அவர் பதிவை என் பக்கமாகத் திருப்பி நகர்த்தினார்.

"பூசீட்டிருக்கற செவுத்த எவனுங்க காப்பாத்துவான்? பூசறத நிறுத்துனாத்தான் அது பழசுங்க. அந்த வரி இல்லாட்டி இது உங்க ஊட்டுச் செவுருங்க அம்மிணி, நாளைக்கே இடிச்சுப்போடுவாங்க."

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்துபோய் விசிறி ஸ்விட்சைப் போட்டேன். அந்த அறைக்கு நான் வந்த நாளிலிருந்து சுற்றாத விசிறி. மேசையில் அரைத்து வைத்திருந்த காவி முழுக்க எழும்பி அவர் சட்டை, என் தலை, சுவர், ஓட்டுத் துண்டுகள் எல்லாவற்றின்மேலும் இறங்கியது. நல்லவேளை, அன்றைக்கு மேசையில் இருந்தது காவி. அரிதாரமாக இருந்திருந்தால் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் கிடந்திருப்போம். அவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஈரத்துணி எடுத்துவந்து துடைக்க ஆரம்பித்தார். நானும் துடைத்தேன். சாயங்காலம் அந்த வரியை எழுதிக் கொடுத்தேன்.

துறையிலிருந்து அதிகாரி ஒருவர் நேரில் பார்க்க வந்தார். மலையாளி, தமிழ் புரியும், பேசுவது பாதிப் பாதி. மாதாவை ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே பிடித்துப்போனது, அதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். இன்றிலிருந்து பூச்சு கூடாது. சுவருக்கு முன்னால் இரும்புக் கிராதி வைத்துப் பூட்ட வேண்டும். ஒரு சாவி துறையில், ஒரு சாவி எங்கள் அலுவலகத்தில். வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் வந்து நிலைமையைப் பார்த்து எழுத வேண்டும். வண்ணம் கெட ஆரம்பித்தால் பயப்பட வேண்டாம், சுவரின் முகப்பை மட்டும் அப்படியே அறுத்தெடுத்து மியூசியத்தில் வைக்க வழி இருக்கிறது என்றார். அப்படி எடுத்தால் இந்த எல்லை என்னாகும் என்று கேட்டேன். எடுத்த பிறகு இங்கே பாதுகாக்க என்ன இருக்கிறது என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

அம்மாவும் மிச்சமிருந்த ஆட்களும் வாசலில் நின்றார்கள். சாமியார் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று முன்பே சொல்லியிருந்தார். நான்தான் எல்லாவற்றையும் அவர்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னேன். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். மாதாவின் மருந்துச் செம்பு அவள் பொறுப்பு அல்லவா.

"அப்ப இந்த மழைக்கு அவளுக்கு மருந்து கெடையாதா?"

கிடையாது என்றேன்.

"வேற வழி இருக்கா?"

இல்லை என்றேன்.

"பின்ன எதுக்கு எங்கிட்டக் கேக்குற?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை, மாவு சலித்துவிட்டாயா என்று கேட்பதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய் அதிகாரிக்குக் காப்பி கொண்டுவந்தாள். நான் அந்தக் காப்பியைக் கையில் வாங்கி அவரிடம் நீட்டினேன். மகள் என்று இருந்துகொண்டு நான் அவளுக்குக் கொடுத்தது வேறு வழியில்லாத, ஒரே கதவுள்ள அறை.

அறிவிப்பு வந்தது. லயம் தப்பியது. ரிசார்ட்காரர்கள் வரைபடத்தை மாற்றி, எங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, அதற்கு அந்தப் பக்கம் கட்டிக்கொண்டார்கள். பழைய குறுக்குப் பாதை வேலிக்குள் போய்விட்டது. அம்மா காய் எடுக்கப் போக வேண்டுமானால் அவர்களுடைய பெரிய கேட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். அங்கே செக்யூரிட்டி தினமும் எங்கே போகிறீர்கள் என்று கேட்பான். அவளும் தினமும் பதில் சொல்வாள். ரிசார்ட்டுக்கு வருகிறவர்கள் பால்கனியில் நின்று லயத்தைப் போட்டோ எடுப்பார்களாம். துணி காயப்போட அவளுக்கு இப்போது கூச்சமாக இருக்கிறதாம்.

பூச்சு நின்ற அந்த முதல் மழையில் சமையல்கட்டுக்கு மேலே தகரம் ஓட்டையானது. எல்லைக்குள் இருக்கும் எதையும் இருக்கும் நிலையிலேயே வைக்க வேண்டும், மாற்றுவதானால் அனுமதி வேண்டும். அந்த அனுமதி முதலில் யார் மேசைக்கு வரும்? என் மேசைக்குத்தான். அம்மா போன் செய்தாள். "ஆபீசரம்மா, ஒரு தகரம் மாத்திக்கிறலாமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரிந்துரை எழுதித் துறைக்கு அனுப்பினேன். அவர்கள் படம் கேட்டார்கள், படம் அனுப்பினேன். பழைய தகரம் போலவே இருக்க வேண்டும் என்றார்கள். மழை எதற்கும் காத்திருக்கவில்லை. அம்மா குண்டான், அண்டா, அப்பாவின் மருந்துப் பீப்பாய் என்று வரிசையாக வைத்து ஒழுகலைப் பிடித்தாள். ஒருநாள் போனில் பேச்சுக்கு நடுவே அந்தச் சொட்டுச் சத்தம் கேட்டது. நான் அந்த மூடிய அறையில் வியர்வை வழிய நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வருடம் திரும்பியது. சித்திரைக் கடைசியில் சாவியை எடுத்துக்கொண்டு ஆய்வுக்குப் போனேன். தலைவர் வழியனுப்பும்போது, பார்த்து எழுதுங்கள் என்று மட்டும் சொன்னார். அவருக்கும் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா வீட்டுக்குப் பின்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் இரண்டு வாளி. கத்தியை முக்கி எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. ஒரு செம்பு நிறைய நீல மருந்து. எதற்கு என்று நான் கேட்கவில்லை. கைப்பழக்கம் தாயி என்று அவளே சொன்னாள்.

கோயிலுக்குள் போனேன். கிராதியின் பூட்டைத் திறந்தேன். அம்மா பின்னாலேயே செம்போடு வந்து நின்றாள். வா என்றேன். உள்ளே யாரும் இல்லை, கேட்கவும் ஆளில்லை. ஒரு பூச்சு, ஒரே ஒரு பூச்சு பூசிவிட்டுப் போகட்டும், எவன் வந்து கேட்கிறான் பார்க்கிறேன் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. உள்ளே வந்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு மாதாவின் மேலங்கியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். விரலால் தொடவில்லை.

"பச்சையாகுது."

நானும் பார்த்தேன். பின்சுவரின் ஈரம் இறங்கியிருந்த இடத்திலெல்லாம் நீலம் பச்சையாக மாறத் தொடங்கியிருந்தது. ஓரங்களில் வெள்ளையாகப் பூத்துப் பொடியாக உதிர்ந்திருந்தது. எனக்கு வேதியியல் தெரியும். தாமிரம் ஈரத்தில் என்ன ஆகும் என்று தெரியும். வருடா வருடம் விழுந்த புதுப் பூச்சு பழையதை மூடி அவளை நீலமாகவே வைத்திருந்தது. அதைத்தான் நாங்கள் நிறுத்தியிருந்தோம். அம்மாவின் கையில் இருந்ததுதான் பாதுகாப்பு. நான் எழுதியது பூட்டு.

"பூசும்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள், வேண்டாம் என்று.

"நாளைக்கு அந்த ஆபீசர் வந்து பாத்தா புதுப் பூச்சு தெரியாமப் போகுமா? உன் வேலையும் போகும், வீடும் போகும்." பச்சை படர்ந்த இடத்தைக் காட்டிக் கேட்டாள். "பச்சையாகுதுன்னு எழுதணுமோ?"

"எழுதினா அறுத்து எடுத்துட்டுப் போயிருவாங்க."

"அப்ப எழுதாத."

செம்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கிராதியை அவளே இழுத்துச் சாத்தினாள், அவளே பூட்டினாள், சாவியை என் கையில் வைத்தாள். வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் நின்ற நாலு ஏலச்செடித் தட்டைகளின்மேல் அந்த மருந்தை ஊற்றிவிட்டு, செம்பைக் கழுவிக் கவிழ்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் கண்ணீர் வந்தது. இந்தத் தடவை அது கோபமில்லை.

கட்டிலில் உட்கார்ந்து அட்டவணையைப் பிரித்தேன். இத்தனை வருடத்தில் ஒரு துணுக்கைக்கூட நான் தப்பாக எழுதியதில்லை. காவியைக் காவி என்றும் கரியைக் கரி என்றும்தான் எழுதியிருக்கிறேன். அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, எழுதியாச்சா என்று கேட்டாள். மேலங்கி, நீலம், மாற்றம் ஏதும் இல்லை என்று எழுதினேன். எழுதியாச்சு என்றேன்.